மைக் பிளக்கில் ஒரு கம்பி

புது தில்லியின் மந்திர் மார்க்கில் யார் யார் கையில் வயர்லெஸ் செட் இருக்கக்கூடும் என்று எண்ணிப் பாருங்கள். 1939இல் காந்தி திறந்துவைத்த லட்சுமி நாராயணர் கோயில் அங்கே இருக்கிறது. ஊர் வழக்கில் அது பிர்லா மந்திர். பக்கத்திலேயே வங்காளிகளின் காளி பாரி. அதே தெருவில் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி, தெருவின் பெயரையே தாங்கிய காவல் நிலையம், சற்றுத் தள்ளி ராம் மனோகர் லோகியா மருத்துவமனை. கிருஷ்ண ஜெயந்தி இரவில் கோயில் முன்னால் கூட்டம் நெரியும்போது காவல்துறைக்குத் தனி அலைவரிசை உண்டு. வாசல் காவலர், செருப்பு வைக்குமிடத்துத் தொண்டர், வண்டி நிறுத்துபவர், பள்ளி விழாவுக்கு வந்த ஏற்பாட்டாளர் ஆகியோர் கடையில் வாங்கிய வாக்கி டாக்கியை நம்புகிறவர்கள். உரிமம் இல்லாமல் பேச அவர்களுக்குச் சட்டம் விட்டிருப்பது 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரையிலான ஒரு கீற்று. 2018இல் வந்த குறைந்த திறன் கருவிகளுக்கான விலக்கு விதிகள் அதை அனுமதித்தன. 12.5 கிலோஹெர்ட்ஸ் வீதம் பிரித்தால் அதில் 16 சேனல்களுக்குத்தான் இடம். வேறு அலைவரிசைகளில் இயங்கும் செட்டுகள் இணையக் கடைகளில் தாராளமாக விற்கப்பட்டதால், 2025இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் விற்பனைத் தளங்களுக்கு நோட்டீஸ் அனுப்பி, வழிகாட்டு நெறிகளையும் வெளியிட்டது. உரிமம் இல்லாமல் அந்தக் கீற்றில் பேசுகிறவர்கள் அத்தனை பேரும் அந்த 16 சேனல்களைத்தான் பங்கிட்டுக்கொள்ள வேண்டும்.

பங்கிட்டுக்கொள்வதில் எழும் முதல் தொல்லை, அடுத்தவர் பேச்சு நம் ஸ்பீக்கரில் கொட்டுவது. அதற்குக் கடைக்காரர் சொல்லும் மருந்து டோன் ஸ்குவெல்ச். பெட்டியின் மேல் ‘121 பிரைவசி கோடு’ என்று அச்சிட்டிருப்பதும் பெரும்பாலும் இதைத்தான்: 38 ஒலிக் குறிகள், 83 எண்முறைக் குறிகள். இந்த மருந்து நல்ல மருந்துதான். ஆனால் அதோடு ஒரு பத்தியமும் உண்டு. அந்தப் பத்தியத்தைக் காக்கவே வண்டியிலும் மேசையிலும் வைக்கும் செட்டுகளின் மைக் பிளக்கில் தனியாக ஒரு கம்பி வைத்தார்கள். அந்தக் கம்பி எதற்கு என்று தெரியாமலேயே மெக்கானிக்குகள் பலர் அதை விட்டுவிடுகிறார்கள், அல்லது நிரந்தரமாக எர்த்தோடு சேர்த்துவிடுகிறார்கள். இரண்டுமே தவறு என்பதும், இரண்டாவது தவறு ஆபத்தானது என்பதும் இந்தக் கட்டுரையின் வாதம்.

முதலில் செட் எப்படிக் கேட்கிறது என்று பார்ப்போம். யாரும் பேசாத நேரத்தில் எஃப்.எம். ரிசீவரில் ஓயாத இரைச்சல்தான் இருக்கும். அப்போது ஸ்பீக்கரை அடைத்துவைப்பது ஸ்குவெல்ச் என்ற சுற்று. சாதாரண ஸ்குவெல்ச்சுக்குத் தெரிந்தது ஒன்றே: அலை வந்திருக்கிறதா, இல்லையா. வந்தது யாருடைய அலை என்று அது பார்ப்பதில்லை. டோன் ஸ்குவெல்ச்சில், பேசுகிறவரின் செட் குரலோடு சேர்த்து 67.0 ஹெர்ட்ஸிலிருந்து 254.1 ஹெர்ட்ஸுக்குள் ஏதாவது ஒரு தாழ்ந்த ஒலியை இடைவிடாமல் அனுப்பும். வயர்லெஸ்ஸில் குரலுக்கு ஒதுக்கிய இடம் ஏறக்குறைய 300 முதல் 3,000 ஹெர்ட்ஸ் வரை என்பதால், அதற்குக் கீழே உள்ள இடம் இந்தக் குறிக்குக் கிடைக்கிறது. கேட்கும் செட் தனக்குச் சொல்லிவைத்த டோன் வருகிறதா என்று பார்க்கும். வந்தால் ஸ்பீக்கரைத் திறக்கும். திறக்கும்போதே 300 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளதை வடிகட்டிவிடுவதால் நம் காதுக்கு அந்த முனகல் எட்டாது. டோனின் பலமும் குரலின் பலத்தில் பத்தில் ஒரு பங்கு, சற்றுக் கூடினால் ஏழில் ஒரு பங்கு என்ற அளவில்தான் வைக்கப்படுகிறது.

1950களில் அமெரிக்காவில் மோட்டரோலா இதை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது டோனை உண்டாக்கவும் கண்டுபிடிக்கவும் உலோக நாக்குகளைப் பயன்படுத்தினார்கள். ஒவ்வொரு நாக்கும் தனக்குரிய அதிர்வெண்ணில் மட்டும் துடிக்கும்படி இழைக்கப்பட்டிருக்கும். டோனை மாற்ற வேண்டுமானால் நாக்கையே கழற்றி வேறொன்றைச் செருக வேண்டும். பேச்சு நின்ற பிறகும் நாக்கு சிறிது நேரம் துடித்துக்கொண்டிருந்ததால் ஸ்பீக்கர் உடனே மூடாமல் ‘கர்ர்’ என்று ஒரு இரைச்சல் வால் நீண்டது. பேசி முடிக்கும் கணத்தில் டோனின் கட்டத்தைத் திருப்பி அனுப்பி, துடிக்கும் நாக்கை எதிர்த்துத் தள்ளி நிறுத்தும் உத்தியை அதற்காகவே கண்டுபிடித்தார்கள். நாக்குகள் போய் சிப்புகள் வந்த பிறகும் அந்த உத்தி பல செட்டுகளில் இருக்கிறது.

சிப் வந்தாலும் மாறாத ஒரு தாமதமும் உண்டு. 67.0 ஹெர்ட்ஸையும் பக்கத்தில் உள்ள 71.9 ஹெர்ட்ஸையும் பிரித்தறிய வேண்டுமானால் செட் ஏறக்குறைய ஐந்தில் ஒரு நொடி காத்திருந்து கேட்டாக வேண்டும். பட்டனை அழுத்தியவுடன் பேசத் தொடங்குபவரின் முதல் சொல் அடுத்த முனையில் காணாமல் போவதற்குக் காரணம் இதுதான். ‘மேல கேட்டை மூடு’ என்பது ‘கேட்டை மூடு’ என்று போய்ச் சேர்ந்தால், எந்த கேட் என்று கேட்டவருக்குத் தெரியாது. பட்டனை அழுத்திவிட்டு அரை நொடி பொறுத்துப் பேசப் பழக்குவது எந்தக் கருவியையும் மாற்றாமல் செய்யக்கூடிய சீர்திருத்தம். டோனைத் தேர்ந்தெடுப்பதிலும் நம் நாட்டுக்கென்று ஒரு கவனம் தேவை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மட்டமான பவர் சப்ளையில் மேசைச் செட்டை ஓட்டினால் 100 ஹெர்ட்ஸ் முனகல் உள்ளே நுழையும், பட்டியலில் 100.0 ஹெர்ட்ஸ் டோனும் இருக்கிறது. அதை விட்டு 88.5, 127.3 போல் விலகி நிற்கும் ஒன்றை எடுப்பது நல்லது.

இனி பத்தியத்துக்கு வருவோம். டோன் ஸ்குவெல்ச் நம் காதை அடைக்கிறது. காற்றில் போகும் பேச்சை அது நிறுத்துவதில்லை, நம் பேச்சை மறைப்பதும் இல்லை. டோன் இல்லாமல் சாதாரண ஸ்குவெல்ச்சில் வைத்த எந்தச் செட்டும் அந்தச் சேனலில் நாம் பேசும் ஒவ்வொரு சொல்லையும் கேட்கும். கோயில் வாசல் கூச்சலில் தன் பெயர் காதில் விழுந்தால் மட்டும் திரும்புகிறவருக்குச் சுற்றிலும் அமைதியாக இருப்பதாகத் தோன்றலாம். ஆனால் அவர் பதில் சொல்ல வாயைத் திறந்தால் அந்தக் கூச்சலை மீறித்தான் சொல்லியாக வேண்டும். சேனல் காலியாக இருப்பதாக நினைத்து நாம் பட்டனை அழுத்தும்போது, வேறு டோனில் இன்னொரு குழு அதே சேனலில் பேசிக்கொண்டிருக்கலாம். நம் செட் அதை நம்மிடம் சொல்லாமல் மறைத்துவிட்டது.

அப்படி இருவர் ஒரே நேரத்தில் பேசினால் என்ன ஆகும் என்பதில்தான் எஃப்.எம். முறையின் இயல்பு நமக்கு எதிராகத் திரும்புகிறது. எஃப்.எம். ரிசீவர் இரண்டு அலைகளில் பலமானதைப் பிடித்துக்கொண்டு மற்றதை அமுக்கிவிடும். பலம் ஏறக்குறைய சமமாக இருந்தால்தான் குரல் உடைந்து கரகரக்கும். ஒன்று நன்றாக மேலோங்கினால் மற்றது இருந்த சுவடே தெரியாது. உதவி கேட்டவரின் குரலைப் பக்கத்தில் நின்ற அந்நியர் ஒருவரின் செட் விழுங்கிவிடும். விழுங்கியவருக்கும் தெரியாது, கேட்க வேண்டியவருக்கும் தெரியாது, ஏனெனில் மேலோங்கிய அலையில் தவறான டோன் இருப்பதால் அவருடைய ஸ்பீக்கர் மூடியே இருக்கும். அனுப்பியவரோ தன் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டதாக நம்பிக்கொண்டிருப்பார்.

விமான வயர்லெஸ் ஏ.எம். முறையில் இயங்குவதால் அங்கே இரண்டு பேச்சுகள் மோதினால் குறைந்தபட்சம் ஒரு கீச்சொலியாவது கேட்கும். அந்தக் கீச்சொலியே போதாமல் போனதற்கு 1977 மார்ச் 27 சாட்சி. டெனரீஃப் தீவின் லாஸ் ரோடியோஸ் விமான நிலையத்தில் கட்டுப்பாட்டுக் கோபுரமும் பான் ஆம் விமானமும் ஒரே நேரத்தில் பேச, ஓடுபாதையில் தாங்கள் இன்னும் இருப்பதாக பான் ஆம் சொன்னது கே.எல்.எம். விமானிகளின் காதில் சில நொடி நீண்ட கீச்சொலியில் தேய்ந்தது. இரண்டு ஜம்போ விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். அந்த விபத்துக்கு மூடுபனி, அவசரம், தெளிவில்லாத சொற்கள் என்று வேறு காரணங்களும் உண்டு. டோனுக்கு அதில் பங்கே இல்லை. இருந்தாலும், மோதிக்கொள்ளும் இரண்டு பேச்சுகளின் விலை என்ன என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி வேறில்லை. விமானிகளின் பேச்சலைவரிசைகளிலும், கப்பல்கள் ஆபத்தில் கூப்பிடும் 16ஆம் சேனலிலும் டோன் ஸ்குவெல்ச் கிடையாது என்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். உயிர் பணயமாக இருக்கும் இடங்களில், எல்லாரும் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பதே முறை.

தரையில் அப்படி நாள் முழுவதும் கேட்டுக்கொண்டிருக்க முடியாது, வேலை நடக்காது. அதனால் பொறியாளர்கள் ஒரு சமரசம் செய்தார்கள்: கேட்கும்போது காது அடைந்திருக்கட்டும், பேசப்போகும்போது மட்டும் திறக்கட்டும். பேசப்போகிறார் என்பதைச் செட் எப்படி அறியும்? வண்டிச் செட்டின் மைக் எப்போதும் ஒரு கிளிப்பில் தொங்குகிறது. பேசுகிறவர் அதைக் கையில் எடுத்தாக வேண்டும். மைக்கின் முதுகில் இருக்கும் உலோகக் குமிழிலிருந்து கொக்கிக் கம்பி என்ற ஒரு மெல்லிய கம்பி மைக்கின் சுருள் ஒயர் வழியே பிளக்கின் ஒரு பின்னுக்கு வருகிறது. கிளிப்பும் உலோகம், அது வண்டியின் சாசியோடு, அதாவது பேட்டரியின் நெகடிவோடு இணைந்திருக்கும். மைக் தொங்கும்போது அந்தப் பின் எர்த்தாகிறது. செட் டோன் ஸ்குவெல்ச்சை இயக்குகிறது. மைக்கை எடுத்தால் இணைப்பு அறுகிறது. செட் டோனை மறந்துவிட்டு சேனலில் உள்ள எல்லாவற்றையும் திறந்துவிடுகிறது. யாராவது பேசிக்கொண்டிருந்தால் காதில் விழும், பேசுகிறவர் பொறுத்துக்கொள்வார். தனி ஸ்விட்ச் இல்லை, நினைவில் வைக்க வேண்டிய விதியும் இல்லை. கை மைக்குக்குப் போகும் இயல்பான அசைவே சேனலைச் சோதித்துவிடுகிறது. மோட்டரோலா, கென்வுட் போன்ற நிறுவனங்களின் வண்டிச் செட்டுகள் பலவற்றில் இந்த ஏற்பாடு உண்டு.

இது தெரியாத இடத்தில்தான் கோளாறு தொடங்குகிறது. மைக் தொலைந்தது, ஒயர் அறுந்தது என்று வேறு மைக்கையோ ஹெட்செட்டையோ மாட்டுகிறார்கள். குரல், குரலுக்கான எர்த், பேச அழுத்தும் பி.டி.டி. பட்டன் ஆகிய மூன்றையும் சேர்த்தால் பேச்சு போகிறது, வருகிறது. வேலை முடிந்துவிட்டதாக நினைக்கிறார்கள். கொக்கிக் கம்பி எதிலும் சேராமல் அந்தரத்தில் நிற்பதால், மைக் எப்போதும் கையிலேயே இருப்பதாகச் செட் கணக்குப் போட்டுக்கொள்கிறது. கணினியில் டோனைச் சரியாகப் பதிந்திருந்தும் அடுத்தவர் பேச்செல்லாம் வந்துகொண்டே இருக்கும். செட் கெட்டுவிட்டது, புரோகிராம் சரியில்லை என்று அதைத் திரும்பத் திரும்பக் கணினியில் மாட்டுவதற்கு முன்னால் பிளக்கைப் பார்த்திருக்க வேண்டும். மைக் ஒழுங்காக இருந்தும் இதே கோளாறு வரலாம்: கிளிப்பை பிளாஸ்டிக் டாஷ்போர்டில் திருகியிருப்பார்கள், அல்லது பெயிண்ட் அடித்த தகட்டின் மேல் திருகியிருப்பார்கள், எர்த் கிடைத்திருக்காது. மல்டிமீட்டரின் ஒரு முனையைக் கிளிப்பிலும் மறுமுனையைப் பேட்டரி நெகடிவிலும் வைத்தால் ஒரே நிமிடத்தில் தெரிந்துவிடும்.

பிளக்கைத் தொடும்போது ஒரு எச்சரிக்கை. பல செட்டுகளின் மைக் பிளக் லேன் கேபிளின் எட்டுப் பின் பிளக் போலவே இருக்கும். பார்க்க ஒன்றாக இருந்தாலும், எந்தப் பின்னில் எது என்பது நிறுவனத்துக்கு நிறுவனம், சில நேரம் மாடலுக்கு மாடல் மாறும். கொக்கிப் பின்னுக்குப் பக்கத்திலேயே மைக்குக்கு மின்சாரம் தரும் பின் இருக்கலாம். அதை எர்த்தோடு சேர்த்தால் உள்ளே ஏதாவது கருகும். அந்த மாடலின் சர்வீஸ் மேனுவலைப் பார்க்காமல் கம்பி சேர்க்கக் கூடாது. உள்ளே டோன் உண்டாக்கும் வசதி இல்லாத பழைய செட்டுக்குச் சிறிய டோன் போர்டு வாங்கிப் பொருத்துகிறவர்கள் செய்யும் பிழையும் இதே பிளக்கைச் சுற்றியதுதான். டோனை மைக் கம்பியிலேயே ஏற்றிவிடப் பார்க்கிறார்கள். மைக் கம்பியில் நுழைவது குரல் சுற்றின் வழியாகப் போக வேண்டும். அங்கே 300 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளதை வடிகட்டித் தள்ளிவிடுவார்கள் என்பதால் டோன் வெளியே போகவே போகாது. அந்த வடிகட்டியைத் தாண்டி, குரலை அலையில் ஏற்றும் மாடுலேட்டருக்குப் போகும் இடத்தில் டோனைத் தனிக் கம்பியில் சேர்க்க வேண்டும். பிளக்கில் உபயோகமில்லாத பின் இருந்தால், போர்டை இயக்கும் ஸ்விட்ச்சுக்கு அதை வைத்துக்கொள்ளலாம்.

கொக்கிக் கம்பியை ஏன் பிளக்கிலேயே எர்த்தோடு சேர்த்துவிடக் கூடாது என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. மைக்கை எடுக்கும்போதெல்லாம் அந்நியர் பேச்சு திடீரென்று வெடிப்பது மருத்துவமனை வராந்தாவிலோ கோயில் பிரகாரத்திலோ சங்கடம். ஆளில்லாமல் இயங்கி, வாங்கிய பேச்சைத் திரும்ப அனுப்பும் ரிப்பீட்டரைப் பொறுத்தவரை அவர்கள் சொல்வது முழுக்கச் சரி. இரண்டு வண்டிச் செட்டுகளை இணைத்து ரிப்பீட்டர் ஆக்கும்போது, கேட்கும் செட்டின் கொக்கிப் பின்னை எர்த்தோடு சேர்த்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் யாருடைய அலை வந்தாலும், வெறும் மின் இரைச்சல் வந்தாலும், ரிப்பீட்டர் அதை மறுபடி ஒலிபரப்பிக்கொண்டிருக்கும். 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரை ஹேம்கள் எனப்படும் இந்திய அமெச்சூர் வயர்லெஸ்காரர்கள் பயன்படுத்தும் அலைவரிசையில் ரிப்பீட்டர்களுக்கு டோன் வைப்பதே இதற்காகத்தான். ஆனால் மனிதர் உட்கார்ந்து பேசும் செட்டில் கம்பியைச் சேர்த்துவிட்டால், மானிட்டர் என்ற பட்டனையாவது அவர் கைக்கு எட்டும்படி அமைத்துத் தந்து, அதை அழுத்திக் கேட்ட பிறகே பேசச் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி.யின் விதிகளில் 90ஆம் பகுதி, பிறர் பேச்சுக்கு இடையூறு நேராதபடி அலைவரிசையைக் கேட்டுப் பார்ப்பதை உரிமம் பெற்றவரின் கடமைகளில் ஒன்றாகவே எழுதிவைத்திருக்கிறது. டோன் ஸ்குவெல்ச் வைத்திருப்பதால் அந்தக் கடமை தீர்ந்துவிடாது.

சேனலில் யாராவது பேசிக்கொண்டிருந்தால் பட்டனை அழுத்தினாலும் அலை கிளம்பாதபடி தடுக்கும் வசதி இன்றைய செட்டுகளில் இருக்கிறதே, கம்பி எதற்கு என்பது இன்னொரு கேள்வி. அந்த வசதி நல்லதுதான். கையடக்கச் செட்டுகளில் கொக்கியே இல்லாததால் அங்கே அதுவும் மானிட்டர் பட்டனும்தான் துணை. ஆனால் தடுப்பது இயந்திரம். பக்கத்தில் ஒரு மட்டமான எல்.ஈ.டி. விளக்கு கக்கும் இரைச்சலையும் அது பேச்சு என்று நினைத்துப் பூட்டிவிடலாம். கூட்டத்தில் குழந்தை தவறிவிட்டது, யாரோ மயங்கி விழுந்துவிட்டார் என்ற நேரத்தில் செட் பேச விடாமல் முரண்டு பிடிக்கும். கொக்கி முறையில் காதில் விழுந்ததை எடைபோட்டு, குறுக்கிடுவதா பொறுப்பதா என்று முடிவெடுப்பவர் மனிதர். அதனால்தான் மேசையிலும் வண்டியிலும் கொக்கியையே நான் மேலாகக் கருதுகிறேன்.

டிஜிட்டல் செட் வந்த பிறகு இதெல்லாம் பழங்கதை என்பாரும் உண்டு. டி.எம்.ஆர். என்ற டிஜிட்டல் முறைச் செட்டுகளில் டோனுக்குப் பதிலாக 0 முதல் 15 வரை கலர் கோடு என்ற எண் இருக்கிறது. அது செய்வதும் நம்முடையதல்லாத பேச்சுக்குக் காதை அடைப்பதே. அந்தச் செட்டைப் புரோகிராம் செய்யும்போது, எப்போது வேண்டுமானாலும் பேசலாமா, சேனல் காலியானால் மட்டும் பேசலாமா, நம் கலர் கோடு ஓய்ந்திருந்தால் போதுமா என்று ஒரு கேள்விக்குப் பதில் கொடுத்தாக வேண்டும். அதாவது கொக்கிக் கம்பி செய்துவந்த வேலை மென்பொருளில் ஒரு கட்டமாக இடம் மாறியிருக்கிறது. கவனிக்காமல் ‘எப்போதும்’ என்று விட்டுவிட்டால், பிளக்கில் கம்பியைச் சேர்த்துவிட்டதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை.

செட் மாட்டிய மெக்கானிக் கிளம்புவதற்கு முன் இரண்டு வாக்கி டாக்கிகளை அதே சேனலில், ஆனால் வேறு டோனில் வைத்துப் பேச வைத்துப் பார்த்துவிடலாம். மைக் கிளிப்பில் தொங்கும்போது அந்தப் பேச்சு கேட்டால் எர்த் இல்லை: கிளிப்பைக் கழற்றி, பெயிண்டைச் சுரண்டி, சாசிக்குத் தனி ஒயர் இழுக்க வேண்டும். மைக்கை எடுத்த பிறகும் கேட்காவிட்டால், முன்பு யாரோ பிளக்கில் கொக்கிப் பின்னை எர்த்தோடு சேர்த்திருக்கலாம், அல்லது மென்பொருளில் மைக்கை எடுத்த பின்னும் டோன் பார்க்கும்படி பதிந்திருக்கலாம். பிளக்கைப் பிரித்து அந்த இணைப்பை எடுத்துவிட வேண்டும், மென்பொருளில் இருந்தால் அங்கே மாற்ற வேண்டும். எடுத்தவுடன் கேட்டு, தொங்கவிட்டவுடன் நின்றால்தான் செட்டை ஒப்படைக்கலாம்.